வழியனுப்பிய பிறகு

என் தங்கையின் கணவர் வெளிநாட்டுக்குப் புறப்படுவதற்காகக் குலதெய்வக் கோயிலில் கெடா வெட்டி விருந்து வைத்தார்கள். அவிநாசியிலிருந்து உள்ளே போகும் சாலையில் இருக்கிறது அந்த ஊர். விருந்து முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு நாள் காலை கோவை ஆர்.எஸ்.புரத்தில் என் வீட்டு வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் அதே பெட்டி. கூட்டத்தில் அடையாளம் தெரிவதற்காக என் தங்கை கைப்பிடியில் கட்டிவிட்ட மஞ்சள் துணிகூட அவிழவில்லை.

“விசா அடிக்கலீங்க மச்சான்,” என்றார். “ஒரு வாரத்துல கூப்படறோம்னு சொல்லியிருக்காங்க. அது வரைக்கும் மாடில இருந்துக்கட்டுங்களா?”

நான் பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தனியாக இருந்தேன். மாடி அறை காலியாகத்தான் கிடந்தது. இருக்கச் சொன்னேன். ஊருக்குப் போகாமல் ஏன் இங்கே வந்தார் என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாத அளவுக்கு எங்கள் பக்கத்தை எனக்குத் தெரியும்.

அவர் பைப் வெல்டர். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் நீராவிக் குழாய் போடும் ஒப்பந்தக்காரர்களிடம் பல வருடம் வேலை பார்த்தார். பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடிய பிறகு வாரத்தில் பாதி நாள் சும்மா இருந்தார். அவருடன் வேலை பார்த்தவர்கள் இரண்டு மூன்று பேர் வளைகுடாவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் இருந்தார்கள். அங்கிருந்து அவர்கள் அனுப்பும் படங்களை என்னிடம் காட்டுவார். மேகம் வரை போகும் கோபுரங்கள், குழாய்க்கு மேல் குழாய், நடுவில் மஞ்சள் தலைக்கவசம் போட்ட சிறிய மனிதன். அந்த வேலைக்கு ஆள் எடுக்கும் தொழில் தேர்வு கோவைக்கு வெளியே ஒரு கொட்டகையில் நடந்தபோது, ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால் உதவட்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே ஒரு குழாயைத் தரையிலிருந்து பாதிச் சாய்வில் அசையாமல் பிடித்து வைத்திருந்தார்கள். குழாயைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் அதைச் சுற்றி வந்து, குனிந்தும் மல்லாந்தும் முழு வட்டத்தையும் பற்ற வைக்க வேண்டும். முடித்ததும் அதை எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே ஊசிமுனை அளவு காற்றுக்குமிழி இருந்தாலும் ஆள் வெளியே. மூங்கில் தட்டி மறைப்புக்குள் வரிசையாகப் பலர் வேலை செய்தார்கள். சேலம், கரூர், நாகர்கோவில் என்று எல்லாப் பக்கமும் ஆள் வந்திருந்தது. அவர் முறை வந்தபோது சட்டைக் காலரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு மண்டியிட்டார். எழுந்தபோது முழங்காலில் சிமெண்ட் தூசி வட்டமாக ஒட்டியிருந்தது. எக்ஸ்ரே சுத்தமாக வந்தது. ஆங்கிலத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அன்று மாலையே பாஸ்போர்ட்டை ஏஜென்ட் வாங்கி வைத்துக்கொண்டார். அந்தக் குடும்பத்தில் பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆள் இவர்தான். அவருடைய அப்பா இளமையில் அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை செய்து, பிறகு ஒரு நூற்பு மில்லில் வாட்ச்மேனாக இருந்து, வயதாகி வீட்டில் இருந்தார். கொஞ்ச நாளில் ஏஜென்ட் போனில் ஒரு விமான டிக்கெட்டின் படத்தை அனுப்பினார். அதை வைத்துத்தான் விருந்துக்கு நாள் குறித்தார்கள். அப்படிப்பட்ட டிக்கெட்டை இடம் பிடிக்க மட்டும் போட்டு, விசா வராவிட்டால் ரத்து செய்துவிடுவார்கள் என்பது ஏஜென்டுக்குத் தெரியும். எங்களில் யாருக்கும் தெரியாது.

விருந்துக்கு நானும் போயிருந்தேன். கோயிலுக்கு முன்னால் பந்தல், பந்தலுக்குள் இலை போட்ட வரிசை, ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தார்கள். நண்பர்கள் சேர்ந்து ஊர் முக்கில் ஒரு பிளெக்ஸ் பேனர் வைத்திருந்தார்கள். அதில் ஒரு விமானம், ஓர் எண்ணெய்க் கிணறு, நடுவில் கோட் போட்ட இவருடைய படம். கோட் இவருடையதல்ல, ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டது. அவருடைய அப்பா இலை இலையாகப் போய், “கொழம்பு ஊத்தச் சொல்லுங்க, வெக்கப்படாதீங்க,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மற்ற விருந்துகளில் அவர் கடைசிப் பந்தியில் உட்கார்பவர்.

ஊரே வழியனுப்பி வைத்தது. அவர் பம்பாய்க்கு ரயில் ஏறினார். அங்கே ஒரு லாட்ஜில் ஒரே அறையில் பத்துப் பன்னிரண்டு பேரோடு காத்திருந்தார். போனில் சார்ஜ் போடக்கூட முறை வைத்துக்கொண்டார்களாம். கடைசியில் ஏஜென்டின் ஆள் வந்து, விசா தாமதமாகிறது, ஊருக்குப் போய் இருங்கள் என்றார். திரும்பும் ரயில் திருப்பூரில் நின்றபோது மேல் படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டதாகச் சொன்னார். அவிநாசிக்கு அங்கேதான் இறங்க வேண்டும். பிளாட்பாரத்தில் தெரிந்த குரல் ஒன்று கேட்டதாம்.

அப்போதுகூட ஊருக்குப் போயிருக்கலாம். ஆனால் அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. பம்பாயிலிருந்து தகவல் வராமல் இருந்த நாட்களில் மாமியார் என் தங்கையிடம், பையன் போய்ச் சேர்ந்தானா என்று கேட்டிருக்கிறார். விமானம் போயிருக்கும் என்று நம்பிய என் தங்கை, சேர்ந்துவிட்டார் என்று சொல்லிவிட்டாள். மாமனார் அதை டீக்கடையில் சொன்னார். அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுவதற்கும் அவர் வளைகுடா போய்ச் சேர்ந்தவர் ஆகிவிட்டார்.

“நான் எதுக்குண்ணா பொய் சொல்லப் போறேன்? போயிருப்பாருன்னு நெனச்சுச் சொல்லிப்போட்டேன்,” என்று போனில் அழுதாள். “இப்பப் போயி இல்லைன்னா, மூஞ்சில முழிக்க முடியுமா? நேர்ல ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ‘ஏனுங் அம்மணி, மாப்ள எப்ப போறாருங்க?’ன்னு தெனமும் மரியாதையாக் கேப்பாங்க. அதுக்கு ரெண்டு அடி அடிச்சா வாங்கிக்கலாம்.”

ஒரு வாரம்தானே, சொன்னது சொன்னபடியே இருக்கட்டும் என்று மூவரும் முடிவு செய்தோம். ஒரு வாரத்துக்கு அது பெரிய பொய்யாகத் தெரியவில்லை.

வாரங்கள் போயின. அவர் சும்மா இருக்கக்கூடியவர் அல்ல. தடாகம் ரோட்டில் கிரில் கேட் செய்யும் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். வெல்டிங் முகமூடி போட்டால் முகம் தெரியாது. பட்டறைக்குள் அது வசதி. போகிற வழியில் வண்டி ஓட்டுகிறவர் போல முகம் மூடும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அதைக் கழற்றாமல் நடந்தே போவார். முகூர்த்த மாதங்களில் எங்கள் பக்கத்துக்காரர்கள் நகையும் பட்டும் எடுக்க ஆர்.எஸ்.புரத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மாடியை விட்டு இறங்கவே மாட்டார். சாப்பாட்டை நான் மேலே கொண்டுபோய்க் கொடுப்பேன். தட்டை வாங்கும்போது ஒவ்வொரு தடவையும் எழுந்து நிற்பார்.

வளைகுடாவில் வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்குப் பேசினார். பழைய எண்ணுக்கு யாராவது கூப்பிட்டால் மணி அடித்துவிடும் என்று சிம்மைக் கழற்றிவிட்டு என் வீட்டு இணைப்பில் வாட்ஸ்அப்பில் பேசுவார். அதற்கு முன்னால் ஜன்னலைச் சாத்திவிடுவார். தெருவில் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி வந்துவிட்டால் எல்லாம் போய்விடும். நிஜமாகவே அங்கே இருந்த நண்பர்களிடம் வியாழக்கிழமையே கேட்டு வைத்துக்கொள்வார்: இந்த வாரம் வெயில் எப்படி, மெஸ்ஸில் என்ன போட்டார்கள், எந்த யூனிட்டில் வேலை. போகாத இடத்திலிருந்து செய்தி எழுதுகிறவர்களை என் தொழிலில் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் அதிகமாக எழுதி மாட்டிக்கொள்வார்கள். இவர் குறைவாகத்தான் சொன்னார்.

அவருடைய அப்பாவுக்கு மட்டும் அது போதவில்லை. எண்ணெய் ஆலையில் உயரமான குழாயின் நுனியில் இரவும் பகலும் தீ எரியும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு வாரமும் அதைப் பற்றிக் கேட்பார். ஒலிபெருக்கியில் போட்டுப் பேசியதால் எனக்கும் கேட்கும்.

“அந்த நெருப்பு இன்னைக்கும் எரியுதா கண்ணு?”

“எரியுதுங்கப்பா.”

“அதை அணைக்கவே மாட்டாங்களா?”

“அணைஞ்சாத்தானுங்கப்பா ஆபத்து. மிச்சமாற கேஸை அப்படி எரிச்சுப்போடுவாங்க.”

“அடப் பாவத்த. இங்க சிலிண்டருக்குச் சொல்லிப்போட்டு வாசலைப் பாத்துட்டு உக்காந்திருக்கறோம். அங்க சும்மா எரிக்கறானுங்களா?”

இந்தப் பேச்சை அவருடைய அப்பா டீக்கடையில் அப்படியே சொல்வாராம். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள், அந்த நெருப்பில் டீ போடலாமா, கெடா வாட்டலாமா என்று கிண்டல் செய்வார்களாம். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து சொல்வாராம். இதையெல்லாம் என் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் ஏஜென்டின் அலுவலகத்துக்குப் பல முறை போனேன். காந்திபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது. சுவர் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் எப்போதும் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஏஜென்ட் கோபப்படாத மனிதர். “வந்துருமுங்க சார், வேலை கன்ஃபார்மா இருக்குதுங்க. அங்க கம்பெனில கொஞ்சம் லேட் பண்றாங்க,” என்பார். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டால் வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். செய்தியாக எழுதலாமா என்று இன்னும் வேலையில் இருந்த பழைய நண்பர் ஒருவரிடம் கேட்டேன். ஏமாற்றினார் என்று சொல்ல என்ன ஆதாரம், தாமதம் என்றால் அது செய்தியா என்று கேட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

ஒரு நாள் காலை நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது தங்கை கூப்பிட்டாள். மாமனார் டீக்கடையிலிருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தவர், நெஞ்சு வலிக்கிறது என்றிருக்கிறார். அவிநாசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. “அவருகிட்ட நீயே சொல்லுண்ணா,” என்றாள்.

மேலே போய்ச் சொன்னேன். அவர் வேலைக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். பொத்தானை மேல் வரை போட்டு முடித்தார். பிறகு படியில் இறங்க ஆரம்பித்து, பாதியில் நின்றுவிட்டார். கார் எடுக்கிறேன், ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்றேன். கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

அப்போது அவருடைய போன் அடித்தது. வாட்ஸ்அப் அழைப்பு. அவருடைய பெரியப்பா. அந்தக் குடும்பத்தில் முடிவு சொல்கிறவர் அவர்தான்.

“கண்ணு, உங்கப்பன் போயிட்டான்டா,” என்றார். அவருக்குப் பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது. “உன்னால எப்ப வர முடியும்னு சொல்லு. நாளைக்கு வாரதுன்னா ஐஸ் பெட்டி வெக்கச் சொல்றேன்.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த ஒரு பதிலுக்குள் எல்லாம் இருந்தது. நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டு, காலையில் விமான நிலையத்திலிருந்து ஒரு டாக்சி பிடித்துப் போயிருக்கலாம். அது எனக்கு அப்போதே தோன்றியது. அவருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் போய்ச் சேர்ந்து சில மாதம்கூட ஆகாதவன் மறுநாளே எப்படி வந்தான், எத்தனை நாள் லீவு, எப்போது திரும்பிப் போகிறான், பாஸ்போர்ட்டைக் காட்டு பார்க்கலாம் என்று துக்கத்துக்கு வந்தவர்களே கேட்பார்கள். காட்டுவதற்கு அவரிடம் எதுவும் இல்லை.

“பாஸ்போர்ட் என்கிட்ட இல்லீங்க பெரியப்பா,” என்றார். “அவங்க வாங்கி வெச்சிருக்காங்க.”

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

“செரி கண்ணு. நீ மனசை உட்டறாத. நாங்க இருக்கறோம், எடுத்துப்போடறோம்,” என்றார் பெரியப்பா.

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை, உண்மையைச் சொல்லிவிடலாம், நாலு நாள் பேசுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள் என்றேன்.

“என்னை என்ன வேணாலும் பேசட்டுங்க மச்சான்,” என்றார். “எங்கப்பா நேத்து வரைக்கும் அந்த நெருப்பைப் பத்தி ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தாருங்க. இன்னைக்கு நான் போய் நின்னா, அவரைப் படுக்க வெச்சு, அவரு முன்னாலயே சிரிப்பாங்க. அவரு எந்திரிச்சுப் பதில் சொல்லுவாரா?”

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. நான் மட்டும் போனேன்.

துக்க வீட்டில் பந்தல் போட்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் தங்கை வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கூடியிருந்த ஆண்கள், வளைகுடாவில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர், பெற்றவன் சாவுக்குக்கூட விடாத வேலை என்ன வேலை என்றார். இன்னொருவர் தன் மச்சினன் அங்கே இருந்து வந்த கதையைச் சொன்னார். எல்லோரும் அவர் மேல் இரக்கமாகத்தான் இருந்தார்கள். அந்தப் பேச்சுக்கு நடுவே உட்கார்ந்திருப்பது, வசவு கேட்பதைவிடக் கடினமாக இருந்தது.

குளிப்பாட்டி முடித்த பிறகு பெரியப்பாவின் மகன் வீடியோ அழைப்புப் போட்டார். பெற்ற மகன் ஊரில் இல்லாததால் காரியங்களைச் செய்ய அவரைத்தான் நிறுத்தியிருந்தார்கள். போன் ஒவ்வொரு கையாக மாறி உடலுக்கு மேல் வந்தது. “பாத்துக்கோ சாமி, கடைசியா உங்கப்பனைப் பாத்துக்கோ,” என்றார் ஒரு கிழவி. நான் எட்டிப் பார்த்தேன். திரையில் அவர் முகம் பெரிதாக இருந்தது. பின்னால் என் மாடி அறையின் சுவர். காலண்டரைக் கழற்றியிருந்தார். வெறும் சுண்ணாம்புச் சுவர். அது எந்த நாட்டிலும் அப்படித்தான் இருக்கும்.

“தனி ரூம் குடுத்திருக்காங்களாட்டம் இருக்குது,” என்று எனக்குப் பின்னால் ஒருவர் மெதுவாகச் சொன்னார்.

அவருடைய அம்மாவிடம் போனைக் கொடுத்தார்கள். அதுவரை அழுதுகொண்டிருந்தவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சாப்புட்டயா கண்ணு?” என்று கேட்டார். அவர் தலையை ஆட்டினார். “அங்க உன்னைய யாரு பாத்துக்குவா? பக்கத்துல ஆளு யாராச்சும் இருக்காங்களா?” என்றார். “இருக்காங்கம்மா” என்று பதில் வந்தது. அப்போது என் வீட்டில் அவரைத் தவிர யாருமே இல்லை.

வாய்க்கரிசி போடும்போது பெரியப்பா மகன் தன் பிடியைப் போட்டுவிட்டு, இன்னொரு பிடி அள்ளிப் போனுக்கு முன்னால் காட்டினார். “இது உம்படது. உன் பேரைச் சொல்லிப் போடறேன், பாத்துக்கோ,” என்று சொல்லி, அதையும் போட்டார். திரையில் இருந்தவர் இரண்டு கைகளையும் கூப்பியபோது அவருடைய போன் எங்கோ சரிந்து விழுந்தது. கொஞ்ச நேரம் என் வீட்டுக் கூரை மட்டும் தெரிந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

சுடுகாட்டில் சிக்னல் சரியாக இல்லை. அவர்கள் வழக்கப்படி புதைப்பார்கள். குழிக்குள் இறக்கும் நேரத்தில் படம் நின்று நின்று வந்தது. பிறகு போனை வைத்திருந்தவர் மண் போட வேண்டியிருந்ததால் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அழைப்பு துண்டிக்கப்பட்டதா என்று யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்திருக்கலாம், என் முறை வந்ததும் நானும் மண் போட்டேன்.

வீடு திரும்பியபோது மாடி அறை கூட்டிப் பெருக்கியிருந்தது. காலண்டர் மறுபடியும் ஆணியில் தொங்கியது. அவர் பச்சைத்தண்ணி ஊற்றிக் குளித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் நல்லபடியாக நடந்ததா என்று கேட்டார். நடந்தது என்றேன். சாயங்காலம் என்னையும் அழைத்துக்கொண்டு பூமார்க்கெட் பக்கம் ஒரு சலூனுக்குப் போனார். தலையையும் மீசையையும் எடுக்கச் சொன்னார்.

சலூன்காரர் கத்தியில் புது பிளேடு மாட்டிக்கொண்டே, “பழனிங்களா, மருதமலைங்களா?” என்று கேட்டார்.

கண்ணாடியில் தன்னைப் பார்த்தபடி இவர், “பழனிங்க,” என்றார்.

“அங்கயே எடுத்தாத்தானுங்க வேண்டுதல். இங்க எடுத்துட்டுப் போனா சாமி ஒத்துக்குமா?” என்று சலூன்காரர் சிரித்தார். இவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். மயிர் மடியில் விழுந்துகொண்டிருந்தது. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியபோது சலூன்காரர், “ஜில்லுன்னு இருக்குதுங்களா?” என்று கேட்டுத் துண்டால் துடைத்துவிட்டார்.

விசா கடைசியில் வந்தது. கருமாதி முடிந்து, தலையில் மயிர் அரைவிரல் அளவுக்கு வளர்ந்த பிறகு வந்தது. ஏஜென்ட் என்னைக் கூப்பிட்டு, “நான் சொன்னேனுங்களே சார்,” என்றார். அவர் சொன்னது உண்மைதான். இந்த முறை கோவையிலிருந்தே விமானம். நான் காரில் கொண்டுபோய் விட்டேன். என் தங்கை வரவில்லை. விமான நிலையத்தில் தெரிந்தவர் யாராவது பார்த்து, யாரை அனுப்ப வந்தாய் என்று கேட்டால் அவளிடம் பதில் இல்லை.

எங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு குடும்பம் வேனில் வந்து இறங்கியிருந்தது. மாலை, தேங்காய், அழும் பெண்கள், தோளில் தட்டும் நண்பர்கள். அவர் அவர்களைச் சுற்றிக்கொண்டு பெட்டியைத் தள்ளினார். வாசலில் காவலர் பாஸ்போர்ட்டைக் கேட்டதும் எடுத்து நீட்டினார். அது பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் கைக்கு வந்திருந்தது. அதை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய், லீவில் வந்தேன் என்று அம்மா முன்னால் நிற்கலாம்தானே என்று வரும் வழியில் நான் கேட்டிருந்தேன். ஒரு நாள் தள்ளினால் வேலை போய்விடும் என்றார். உள்ளே போன பிறகு கண்ணாடிக்கு அப்பால் ஒரு முறை திரும்பிக் கையைத் தூக்கினார்.

அங்கிருந்து முதல் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் பேசியபோது, எப்படி இருக்கிறது என்று என் தங்கை ரகசியமாகக் கேட்டிருக்கிறாள். “சொன்ன மாதிரியேதான் இருக்குது,” என்றாராம். வெயில், மெஸ் சாப்பாடு, அறையில் எட்டுப் பேர், எல்லாம் ஏற்கனவே சொல்லியாகிவிட்டது. புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நெருப்பைப் பற்றிக் கேட்கவும் இப்போது ஆள் இல்லை.

எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். அப்பாவைப் புதைத்த இடத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று. அன்று மண் போடும்போது அவர் கண்டதெல்லாம் சட்டைப்பைக்குள் இருட்டுதானாம். ஆனால் முழுவதையும் அவர் பார்த்தார் என்றே ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் அங்கே யாரிடமும் கேட்க முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை போனேன். மழை பெய்து மேடு தணிந்திருந்தது. பக்கத்தில் இன்னொரு புதுக் குழியும் வந்திருந்தது. இரண்டில் எது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அங்கே குழி வெட்டுகிறவரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். ஓடைப் பக்கம் இருப்பதுதான் என்று கை காட்டினார். உறுதியாகத் தெரியுமா என்று மறுபடியும் கேட்டேன். “நாந்தானுங்களே வெட்டினேன்,” என்றார். படம் எடுத்து அங்கேயே நின்று அனுப்பினேன்.

வேலை நேரமாக இருந்தும் உடனே பதில் வந்தது. ‘தலை எந்தப் பக்கமுங்க மச்சான்?’

எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும், தலையைத் தெற்கே வைத்துத்தான் புதைப்பார்கள். அவருக்கும் தெரியும். படத்தைப் பார்த்துத் தெற்கு எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை போலிருக்கிறது. படத்தில் வேலிக்கம்பி தெரியும் பக்கம் தெற்கு, தலை அங்கே இருக்கிறது என்று எழுதி அனுப்பினேன்.